உளுந்தும் யபாடேயும்

(யாங்கோன், அனவ்ரத்தா சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. முழங்கால் உயர மேசை, அதைவிடக் குள்ளமான ஸ்டூல். பருப்பு வியாபாரி மாமாவும், அவர் ஆர்டர் பிடிக்க அனுப்பிய மருமகனும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: தமிழில் ‘பரவாயில்லை’ பார்க்கிற வேலையெல்லாம் பர்மியப் பேச்சில் ‘யபாடே’ பார்க்கும்.)

மாமா: என்னடா, உளுந்து போச்சா?

மருமகன்: போன மாதிரிதான் மாமா. எதைச் சொன்னாலும் அந்த ஏற்றுமதிக்காரர் “யபாடே, யபாடே” என்றார்.

மாமா: எத்தனை தரம்?

மருமகன்: ஏழெட்டு இருக்கும்.

மாமா: கெட்டது போ. ஒரு யபாடே என்றால் மரியாதை. இரண்டு என்றால் சம்மதம். ஏழெட்டு என்றால் “எழுந்து போயேன் அப்பா” என்று அர்த்தம்.

மருமகன்: வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன?

மாமா: எப்படிச் சொல்வார்? ஆனாடே! எதிராளி மனசு நோகுமே என்கிற கூச்சம். நீயும் இந்த ஊரில்தானே பிறந்தாய்? சரி, போனதும் என்ன கேட்டாய்?

மருமகன்: விலை.

மாமா: “ஸா பீபீலா” கேட்கவில்லையா?

மருமகன்: அவர் சாப்பிட்டால் எனக்கென்ன, சாப்பிடாவிட்டால் எனக்கென்ன?

மாமா: அவர் வயிற்றையா கேட்கச் சொன்னேன்? பதில் சொல்கிற நேரத்தில் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம்?

மருமகன்: விவரம் சொன்னேன். 2021-ல் இந்தியா போட்ட ஒப்பந்தம், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, ஒரு வீசை என்றால் 1.63 கிலோ...

மாமா: முப்பது வருஷமாக ஏற்றுமதி செய்கிறவருக்கு வீசைக் கணக்கா! மாதிரியைப் பார்த்தாரா, இல்லையா?

மருமகன்: உள்ளங்கையில் கொட்டினார், ஊதினார், ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மாமா: (நிமிர்ந்து) கடித்தாரா! வாங்குகிற எண்ணம் இல்லாதவன் பல்லை வருத்திக்கொள்ள மாட்டான். அப்போது நீ என்ன செய்தாய்?

மருமகன்: ஒப்பந்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா: அடப்பாவி! காய்ந்த உளுந்து ‘டக்’ என்று உடையும், ஈரமானது நசுங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க விட்டாயா?

மருமகன்: அதனால்தான் மூன்று தரம் கடித்தாரோ?

(மாமா கொஞ்ச நேரம் பச்சைத் தேநீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

மாமா: நாளைக்கு மறுபடி போ. மாதிரியை வலது கையால் நீட்டு, இடது கை முழங்கையைத் தொட்டபடி இருக்கட்டும். வாய் மட்டும் சும்மா இருக்கட்டும்.

மருமகன்: சரி மாமா.

(மாமா உதட்டைக் குவித்து ‘ச்சு ச்சு’ என்று கடைப் பையனைக் கூப்பிடுகிறார். இரண்டு டீ, நான்கு சமோசா. பணப்பையை எடுக்கிறார்.)

மருமகன்: யபாடே மாமா, யபாடே!

மாமா: (பையைத் திரும்பச் செருகிக்கொண்டு) அப்படியா? சரி.

மருமகன்: மாமா, நான் மரியாதைக்குச் சொன்னேன்!

மாமா: மரியாதைக்கு ஒன்றுதானேடா. நீ இரண்டு சொன்னாய்.