தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகும் பிள்ளை

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை உள்ளாட்சி அமைப்புகள் கைவிட்டுவிட்டன என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை. மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. இங்கே நாலடிகூட இல்லை. இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால்தான் நாற்காலி ஏறும். சரி, ஏறியாச்சு. கழிப்பறை வாசலில் ஒரு படி, கதவோ நாற்காலியை விடக் குறுகல். அதனால் பிள்ளை காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அக்கா ஊராட்சியில் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தாள். "நிதி வந்ததும் பார்க்கலாம்மா" என்றார்கள். ஒரு படியை இடிக்க என்ன பெரிய நிதி?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அவர்களின் தேவைகள் எந்த அளவு நிறைவேறுகின்றன என்று பார்க்கச் சொல்கிறது. அந்தப் பொறுப்பை அரசோடு உள்ளாட்சிக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. அடுத்த கிராம சபையில் அக்காவோடு நானும் எழுந்து கேட்கப்போகிறேன்.