கூட்டம் நடந்தது, போட்டோ இருக்கிறது

அரசுப் பள்ளி என்றாலே எங்கள் ஊரில் எல்லோருக்கும் நெஞ்சு விம்மும். ஆண்டு விழா மேடையில் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள், "இந்த வேப்பமரத்தடியில்தான் நான் அ, ஆ படித்தேன்" என்று ஒருவர் பாக்கியில்லாமல் உருகுவார்கள். சரி, உருகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருக்கிறது.

நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், பெற்றோர் கணக்கில். 2009 கல்வி உரிமைச் சட்டம் 21-வது பிரிவில் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள்: நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிக்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம், வருகிற பணம் எங்கே போகிறது என்று கேட்கலாம். 2024-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது 24 பேர் ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். வேப்பமரத்தடிக்காரர்கள் வருவார்கள் என்று பார்த்தால், ம்ஹும்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போனவர்களும் அந்த நேரத்துக்கு எப்படி வந்து உட்காருவார்கள்? வருவது ஐந்தாறு பேர். தலைவி வரமாட்டார், அவருடைய வீட்டுக்காரர் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் வேலை போட்டோ. ஆள் குறைவாகத் தெரியக் கூடாது என்று சத்துணவு அக்காவையும் காலை உணவு சமைக்கிற அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பின்வரிசையில் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளை நிறுத்தி ஒரு கிளிக். அதைக் கல்வித் துறைச் செயலியில் ஏற்றியாயிற்று என்றால் கூட்டம் முடிந்தது. டீயும் வர்க்கியும் அப்புறம். மறுநாள் தீர்மான நோட்டு ஒரு பையன் கையில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும்.

டீச்சர் மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டமே சொல்லிவிட்டது. காலையில் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவில் வருகைப் பதிவு, எத்தனை பிள்ளைகள் உப்புமா சாப்பிட்டார்கள் என்ற கணக்கு, எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான மதிப்பீடு, எல்லாமே செல்போனில். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர ஆசிரியர்களை வேறு வேலைக்கு விடக்கூடாது என்று அதே சட்டத்தின் 27-வது பிரிவில் இருக்கிறது. செல்போனைத் தேய்ப்பது வேலைக் கணக்கில் சேராது போல!

என் வயிற்றெரிச்சலே கழிப்பறைதான். மோட்டார் புகைந்து போய்க் கிடக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. பெண் பிள்ளைகள் சாயங்காலம் மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். எங்களைப் போல முப்பதுக்கு மேல், நூறு பிள்ளைகளுக்குள் இருக்கிற பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய், அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்குச் செலவழிக்க வேண்டும். அதாவது வருஷம் முழுக்க 2,500 ரூபாய், பினாயிலுக்கே காணாது. பஞ்சாயத்தில் கேட்க வேண்டும், கிராம சபையில் எழுந்து பேச வேண்டும், அதற்குத்தானே இந்தக் குழுவே? இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கும் ராசிபலனுக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது இரண்டு கட்டை விரல், ஒரு கும்பிடு. கூட்டத்தில் கேட்டால் "அடுத்த கூட்டத்தில் பேசலாம்". நோட்டில் எழுதியிருக்கும் தீர்மானமோ, மாணவர் சேர்க்கையை உயர்த்த அனைவரும் பாடுபடுவது! கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு யார் சாமி பிள்ளையை அனுப்புவார்கள்? தீர்மானம் போட்டவர்களில் பாதிப்பேர் வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் டவுனுக்குப் போகின்றன.

இந்த மாத நோட்டும் வந்தது. மோட்டாரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் டீச்சர், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். சாயங்காலமே தலைவி வீட்டுக்காரர் போன் செய்கிறார், "ஏனுங்க, எதுக்கு இப்ப பிரச்சினை பண்றீங்க?" என்று. கூட்டத்துக்கு வராத அந்த அம்மாவிடம் போனைக் கொடுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். வைத்துவிட்டார்.