பெண்ணியம் இன்னும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

"ஓட்டுரிமை வந்துடுச்சு, படிப்பு வந்துடுச்சு, வேலைக்கும் போறீங்க. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" பெண்ணியம் என்று பேச்செடுத்தாலே யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் பலருக்கு உண்மையாகவே பதில் தெரியாது. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எதுவும் தானாக வந்துவிடவில்லை. நியூசிலாந்துப் பெண்கள் 1893-ல் வாக்குரிமை பெறுவதற்கு முன் 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்க 1971 வரை ஆனது. மனைவியாகவே இருந்தாலும் சம்மதமில்லாமல் உடலுறவு கொண்டால் அது வன்புணர்வுதான் என்று இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பு தீர்ப்பளித்தது 1991-ல். கடைசி இரண்டும் பழங்கதை இல்லை. இன்று உயிரோடு இருப்பவர்களின் வாழ்நாளுக்குள் நடந்தவை. கணவனின் வன்புணர்வைக் குற்றமாக்கும் சட்டம்கூட இன்னும் எட்டாத நாடுகள் இருக்கின்றன.

சட்டம் சமமான இடங்களிலும் தீராத கணக்கு ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் இன்றைய பெண்ணியத்தின் மையமே அதுதான். நேரம். ஒரு பெண்ணின் நாள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி.

வீட்டில் ஒரு பெண் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். கையில் புத்தகம் இருக்கும், காது அடுப்பிலும் வாசலிலும் இருக்கும். யாரோ வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பிப்பாள். யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சும்மா இருப்பதைப் பிறர் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றம் உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆணுக்கு அப்படி ஒரு பதற்றம் வருவதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. அம்மா அலுவலகம் போகிறவர். பள்ளிப் படிவத்தில் அப்பாவின் எண்ணைத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது பள்ளியிலிருந்து அழைப்பு போனது அம்மாவுக்கு. மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து, குழந்தையைக் கூட்டி வரச் சொல்லி கணவருக்கு போன் செய்து, எந்த மருந்து, எவ்வளவு, அது எந்த அலமாரியில் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். கணவரும் நல்ல மனிதர், உடனே கிளம்பிப் போனார். ஆனால் அந்த வீட்டின் மொத்தக் கணக்கும் யார் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது?

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, சம்பளமில்லாத வீட்டுவேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரம், அதுவும் தினமும். ஒரு தேர்வுக்குப் படிக்கவோ ஒரு தொழிலை வளர்க்கவோ சங்கக் கூட்டத்துக்குப் போகவோ அந்த மூன்று மணி நேரம் போதும். வெறுமனே தூங்கவும்தான்.

இந்த வேலையை ஒரே ஒரு நாள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஐஸ்லாந்துப் பெண்கள் செய்தே காட்டினார்கள். 1975 அக்டோபர் 24. நாட்டின் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. அப்பாக்கள் குழந்தைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிகளும் தொழிற்சாலைகளும் ஸ்தம்பித்தன. அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அங்கே குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்.

"திறமை இருந்தா மேல வரட்டுமே" என்பவர்கள், 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வுகளைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஒரே படிப்பு, ஒரே தொழில் என்று தொடங்கும் ஆண், பெண் சம்பளத்தில் பெரிய இடைவெளி விழுவது முதல் குழந்தை பிறந்த பிறகுதான் என்று காட்டியவர் அவர். அந்தக் குழந்தை இரண்டு பேருக்கும் பிறந்ததுதானே?

பெண்ணியம் ஆண்களுக்கு எதிரானது என்ற பேச்சுக்கு நான் அதிகம் பதில் சொல்வதில்லை. நார்வேயைக் காட்டுகிறேன். 1993-ல் அங்கே பெற்றோர் விடுப்பில் நான்கு வாரங்களை அப்பாவுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அது வீண். அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அப்பாக்கள் எடுத்துவந்த விடுப்பை, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானோர் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். குழந்தையோடு இருக்க அந்த ஆண்களுக்கு ஆசை இல்லாமல் இருந்ததா என்ன? வழி இல்லாமல் இருந்தது. அந்த வழி திறந்ததும் பெண்ணியத்தால்தான்.

கடைசியாக, என் தோழிகளுக்கும் ஒன்று. நமக்குக் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதி இன்னொரு பெண்ணிடமிருந்து வாங்கியது. உலகில் ஏழரைக் கோடிப் பேர் பிறர் வீடுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். அவர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 2011-லேயே ஒரு சர்வதேச உடன்படிக்கை எழுதியாகிவிட்டது. பெரும்பாலான நாடுகள் அதை இன்னும் ஏற்கவில்லை. அதற்காக அரசுகளிடம் பேசுவோம். ஆனால் நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. இந்த வாரமே கொடுக்கலாம்.