ஒரு ‘ச’வுக்கு இரண்டு விரல்

போன் திரையில் தட்டித் தட்டிக் கட்டைவிரல் மரத்துப்போகிறதே என்று, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கினேன். பட்டன்கள் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. சரி, பழகிவிடும் என்று விட்டேன்.

வினை தமிழில் ஆரம்பித்தது. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்புதான் எனக்குக் கை வந்தது. அதில் ‘ந’ அரைப்புள்ளிப் பட்டனில், ‘ய’ மேற்கோள்குறிப் பட்டனில், ‘ச’வும் ‘ஞ’வும் சதுர அடைப்புக்குறிகளில். பெரிய கீபோர்டில் எல்லாம் வலது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இந்தக் குட்டியிலோ இடம் போதாதென்று அந்த நான்கையும் வேறு பட்டன்களின் தலையில் ஏற்றிவிட்டார்கள். எஃப்என் (Fn) என்ற துணைப் பட்டனை அமுக்கிக்கொண்டே தட்டினால்தான் ‘ச’ வரும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி யாருக்கு வேண்டும்? நமக்கு ‘ந’ இல்லாமல் நன்றிகூடச் சொல்ல முடியாது.

நேற்று வீட்டுக்கு ‘சாயந்திரம் வருகிறேன்’ என்று அனுப்ப நினைத்தேன். அந்த முதல் சொல்லிலேயே மூன்று எஃப்என். பாதியில் விரல் நழுவி, ‘சா’ மட்டும் போய்விட்டது. அம்மா உடனே போன் செய்துவிட்டார்.