புள்ளி வைக்கும் முன் வயதைக் கேளுங்கள்

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டவரால்தான் புற்றுநோய், கலெக்டருக்கு மனு கொடுக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தம்பிமார் காட்டியது. செல்போன் டவரைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் புற்றுநோய் வந்த வீடு. புதுநகரில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தெருக்காரர்களின் வயது என்ன என்று கேட்டேன். "கம்பெனி ஆளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த என்னை!

டவர் நிற்பது பழைய தெருவில். பிள்ளைகள் துபாய், சென்னை என்று போய்விட்டார்கள்; இருப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். புதுநகரில் கைக்குழந்தைக்காரர்கள். வயது ஏற ஏறப் புற்றுநோய் கூடும். டவரே இல்லாவிட்டாலும் புள்ளிகள் பழைய தெருவில்தான் விழும். வயதைப் பிரித்துப் பார்க்காத கணக்கு கணக்கே இல்லை.

ஒழுங்காகக் கணக்குப் பார்த்த ஊர் ஒன்றைச் சொல்கிறேன். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு விடும் தோரியம் இருக்கிறது. அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். பீடி உண்டா, என்ன வேலை, எவ்வளவு படிப்பு என்று கேட்டு அதையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள். கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் கதிர்வீச்சு நல்லதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஹிரோஷிமாவில் தப்பியவர்களிடம் அளவு கூடக்கூடப் புற்றுநோய் கூடியது. அங்கேயும் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதைப் பிரித்துத்தான் பார்த்தார்கள். அணுகுண்டின் கதிர்வீச்சு வேறு, டவர் அலை வேறு என்பது தனிக்கதை. டவர் அலையால் புற்றுநோய் வரலாம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் சொன்னது உண்மைதான், 'வரலாம்' என்றுதான் சொன்னது. மெல்லும் புகையிலையை அதே முகமை, சந்தேகமில்லாமல் புற்றுநோய் தரும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

அந்தப் புள்ளிகளில் ஒன்று என் பெரியம்மா வீடு. கரிமூட்டம் போடப் போனவர். சுருக்குப்பையில் வெற்றிலையும் புகையிலையும் எப்போதும் இருக்கும். தூங்கும்போதும் இடது கன்னத்தில் அதக்கியிருப்பார். அந்தக் கன்னத்துக்குள்தான் புண் வந்தது. டவருக்குக் குழி வெட்டும் முன்பே மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனோம். யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? எங்கள் வீட்டுச் சாவை எங்களைக் கேட்காமலே டவர் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

புகையிலை இன்றும் பெட்டிக்கடையில் தொங்குகிறது. அதற்கு ஒரு கூட்டம் போடவில்லை.

கலெக்டர் மனுவில் என் கையெழுத்து வேண்டுமா? வீடு வீடாகப் போய் வயது, புகையிலை, வேலை, புண் வந்த வருடம் எல்லாம் எழுதி வாருங்கள். நானும் கூட வருகிறேன். அதுவரை பெரியம்மா வீட்டுப் புள்ளியை அழித்துவிடுங்கள்.