பாதியில் நின்றதை நல்லவேளை என்று சொல்லாதீர்கள்

“நல்லவேளை, ஒரே சீசனோட நின்னுச்சு. இழுத்திருந்தா கெட்டுப்போயிருக்கும்.” ‘ஃபயர்ஃப்ளை’ பற்றி எங்கே பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். அந்தத் தொடரை உயிராக நேசிப்பவர்களே சொல்வதுதான் எனக்கு வருத்தம். நான் இதை ஏற்கவே மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கதையின் முக்கியமான இடங்கள் வெளிப்படும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஜாஸ் வீடன் உருவாக்கிய அறிவியல் புனைவுத் தொடர். அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் 2002 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது, டிசம்பரில் முடித்துவிட்டார்கள். எடுத்தது 14 எபிசோடுகள், அந்தச் சேனலில் வந்தது 11. கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. தொடர்களைச் சாகடிக்கும் நேரம் என்று அங்கே அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. ஆனால் என் கோபம் நேரத்தின் மேல் அல்ல, வரிசையைக் கலைத்ததன் மேல். முதல் எபிசோடாக எடுக்கப்பட்டது ‘செரினிட்டி’. விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்னும் விறுவிறுப்பாக ஒன்று எழுதித் தரச் சொன்னது சேனல். வீடனும் டிம் மினியரும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து ‘தி ட்ரெயின் ஜாப்’ எழுதினார்கள். அதுதான் முதலில் வந்தது. உண்மையான முதல் எபிசோடு டிசம்பர் 20ஆம் தேதி, எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது.

அந்த ‘செரினிட்டி’யில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது. மால்கம் ரெனால்ட்ஸ் ஒரு சார்ஜென்ட். கூட்டணி அரசுக்கு எதிராகப் போராடும் சுதந்திரப் படையில் இருப்பவன். கழுத்தில் தொங்கும் சிலுவையை முத்தமிட்டுவிட்டுக் குண்டுமழைக்குள் ஓடுகிறான். நம் விமானங்கள் வந்துவிடும், தாக்குப்பிடியுங்கள் என்று ஆட்களுக்குத் தைரியம் சொல்கிறான். விமானங்கள் வரவில்லை. எதிரியின் கப்பல்கள்தான் வானத்திலிருந்து இறங்குகின்றன. அண்ணாந்து பார்க்கும் அவன் முகத்தைக் காட்டிவிட்டு, கதை ஆறு வருடங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

இப்போது அவன் ஒரு பழைய சரக்குக் கப்பலின் கேப்டன். கப்பலில் பயணியாக ஏறிய ஷெப்பர்ட் புக் என்ற பாதிரியார், கொண்டுவந்த காய்கறிகளைச் சமைத்துப் போட எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். சாப்பிடும் முன் ஜெபம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார் புக். வாய்விட்டுச் சொல்வதாக இருந்தால்தான் எனக்கு ஆட்சேபம் என்கிறான் மால்கம். அவ்வளவுதான். நடுவில் அவன் எதை இழந்தான் என்று எந்தப் பாத்திரமும் விளக்குவதில்லை. சிலுவையை முத்தமிட்ட வாயிலிருந்து அந்தப் பதில் வருவதைப் பார்த்துவிட்டால், பிறகு அந்த மனிதன் செய்யும் ஒவ்வொரு முரட்டுத்தனத்துக்கும் அர்த்தம் வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு காட்சிகளும் கடைசி நாளில்தான் கிடைத்தன. அதுவரை அவர்கள் பார்த்தது யாரோ ஒரு முசுட்டுக் கேப்டனை.

கப்பலின் பெயர் ‘செரினிட்டி’. அந்தப் போரில் அவன் தோற்ற பள்ளத்தாக்கின் பெயர். தோற்ற இடத்தின் பெயரைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு அதிலேயே குடியிருக்கும் ஒருவன். இந்தத் தொடர் இத்தனை வருடம் கழித்தும் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான். விண்வெளிக் கதை என்றாலே பிரபஞ்சத்தைக் காப்பாற்றும் ஆட்கள்தானே வருவார்கள்? இங்கே ஒன்பது பேர் டீசலுக்குக் காசில்லாத லாரிக்காரர்களைப் போல ஒரு சவாரியிலிருந்து அடுத்த சவாரிக்கு உருட்டிக்கொண்டு போகிறார்கள். கப்பலில் பீரங்கி கிடையாது. வேற்றுக்கிரகவாசிகள் கிடையாது. வெற்றிடத்தில் சத்தம் கேட்காது என்பதால் வெளியே கப்பல் போகும்போது இன்ஜின் உறுமாது, கிதாரும் ஃபிடிலும் மட்டும் கேட்கும். கதை நடக்கும் 2517ஆம் வருடத்தில், பயணக் கட்டணத்தின் ஒரு பங்காக ஒரு சின்னப் பெட்டியை நீட்டுகிறார் புக். அதில் இருப்பது ஸ்ட்ராபெர்ரி! இன்ஜின் பார்க்கும் கெய்லி அதில் ஒன்றைக் கடித்துச் சாப்பிடும்போது கேமரா எந்த அவசரமும் இல்லாமல் அவள் முகத்திலேயே நின்றுவிடுகிறது. பழமே கிடைக்காத இடத்தில் இவர்கள் நாட்களை ஓட்டுகிறார்கள் என்பது அந்த ஒரு கடியில் விளங்கிவிடுகிறது.

கப்பலின் உட்புறத்தைத் துண்டு துண்டாகக் கட்டாமல், ஒவ்வொரு தளத்தையும் தொடர்ச்சியான ஒரே செட்டாகக் கட்டியிருந்தார்கள். ஓட்டுநர் அறையிலிருந்து சாப்பாட்டு அறை வழியாக இன்ஜின் அறைக்கு நடிகர்கள் நிஜமாகவே நடந்து போகலாம். இரண்டு மூன்று எபிசோடுகள் பார்த்ததும் எனக்கு அந்தக் கப்பலின் வழி மனப்பாடமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னாலும் போய்விடுவேன்.

எனக்கு இது டிவிடியாகத்தான் கிடைத்தது. ஒரு நண்பன் பெட்டியைக் கையில் திணித்து, “வரிசை மாத்தாம பாரு” என்று மட்டும் சொன்னான். ‘அவுட் ஆஃப் கேஸ்’ எபிசோடு முடிந்தபோது நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆளே இல்லாத கப்பல், வயிற்றில் குண்டுபட்ட மால்கம் தரையில் விழுகிறான் என்று தொடங்கும். இன்ஜினில் ஒரு சின்ன உதிரிபாகம் போய்விட்டது, மூச்சுக்காற்று தீரப்போகிறது. மற்றவர்களைச் சிறு ஓடங்களில் ஏற்றி அனுப்பிவிட்டு அவன் மட்டும் இருந்துகொள்கிறான். ஏதாவது உதவி வந்து கப்பல் பிழைத்துவிட்டால் இதை ஒரு தட்டு தட்டு, நாங்கள் திரும்பி வருவோம் என்று ஒரு பொத்தானை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் கப்பலை ஓட்டும் வாஷ். அந்தப் பொத்தானை அழுத்தும் முன்பே மால்கம் மயங்கி விழுகிறான்.

கண் விழிக்கும்போது எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். பொத்தான் அழுத்தப்படவே இல்லை, அழைக்காமலே வந்துவிட்டார்கள். நான் மறுபடி கண் விழிக்கும்போதும் இருப்பீர்கள்தானே என்று அவன் கேட்கிற தொனி ஒரு கேப்டனுடையது இல்லை. இதற்கு நடுவே, இந்த ஆட்கள் ஒவ்வொருவரும் கப்பலுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற பழைய கதையும் கலந்து கலந்து வருகிறது. கடைசிக் காட்சியில் ஒரு பழைய கப்பல் வியாபாரி வேறொரு கப்பலைக் காட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறான். மால்கமின் கண் தூரத்தில் ஓரமாகக் கிடக்கும் செரினிட்டி மேல் நிலைத்துவிடுகிறது. 45 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இதைச் செய்தவர்கள் இன்னும் ஐந்து வருடம் எடுத்திருந்தால் கெடுத்திருப்பார்கள் என்று நாம் எப்படி முடிவுகட்டுகிறோம்?

குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுகிறார்கள், சீனமும் அமெரிக்காவும் கலந்த எதிர்காலம் என்கிறார்கள், ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சீன வம்சாவளி இல்லை. தோற்றவர்களின் கதையை அமெரிக்க உள்நாட்டுப் போரின் சாயலில் அமைத்ததிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. அங்கே தோற்ற தரப்பு அடிமை முறையைக் காக்கப் போரிட்டது. அதைத் தவிர்த்துவிட்டுத் தோல்வியின் துயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. வீடன் வேறு படப்பிடிப்புகளில் நடிகர்களை நடத்திய விதம் பற்றிப் பின்னாளில் வந்த குற்றச்சாட்டுகளையும் ரசிகர்களான நாம் மூடிமறைக்கக் கூடாது. இன்னும் சில சீசன்கள் வந்திருந்தால் முதல் இரண்டு குறைகளையாவது சரிசெய்ய வாய்ப்பு இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரசிகர்கள் செய்தது தனிக் கதை. நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் காசு சேர்த்து ‘வெரைட்டி’ என்ற ஹாலிவுட் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். பலிக்கவில்லை. 2003 டிசம்பரில் டிவிடி வந்து நன்றாக விற்றது. அந்த ஆதரவுதான் யூனிவர்சல் நிறுவனத்தைப் படம் எடுக்க வைத்தது. 2005 செப்டம்பர் 30 அன்று வந்த ‘செரினிட்டி’ திரைப்படத்துக்குச் செலவு சுமார் 3.9 கோடி டாலர், உலகம் முழுவதும் வசூல் சுமார் 4 கோடி. அதோடு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. 2007இல் ஸ்டீவ் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் இந்த டிவிடிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குல்லா விஷயம். அடியாள் ஜெய்னுக்கு அவன் அம்மா கம்பளியில் ஒரு குல்லா பின்னி அனுப்புவார். ஆரஞ்சும் மஞ்சளும், காதை மூடும் மடிப்புகள், உச்சியில் ஒரு குஞ்சம். அந்த முரடன் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வான். இது வருவது ‘தி மெசேஜ்’ எபிசோடில். ஃபாக்ஸ் ஒளிபரப்பாமலே விட்ட மூன்று எபிசோடுகளில் அது ஒன்று. தொடரை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி படப்பிடிப்புக் குழுவுக்கு வந்ததும் அந்த எபிசோடை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான். அதன் முடிவில் வரும் இறுதிச்சடங்கு இசையைத் தொடருக்கே விடைகொடுப்பதாக நினைத்து அமைத்தார் கிரெக் எட்மன்சன். சேனல் காட்டாத அந்தக் குல்லாவைத்தான் ரசிகர்கள் தங்கள் கையால் பின்னித் தலையில் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

இத்தனை அன்பையும் பார்த்துவிட்டுத்தான், பாதியில் நின்றதால்தான் இது வாழ்கிறது என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். அவர்களுக்கு ‘சேஃப்’ எபிசோடை நினைவூட்டுகிறேன். புக் குண்டுபட்டுச் சாகக் கிடக்கிறார். வேறு வழியில்லாமல் கூட்டணிக் கப்பலிடம் உதவி கேட்கிறார்கள், அவர்கள் விரட்டுகிறார்கள். புக்கின் அடையாள அட்டையைப் பார்த்ததும் அதே ஆட்கள் அலறியடித்துக்கொண்டு சிகிச்சை கொடுக்கிறார்கள். ஒரு சாதாரணப் பாதிரியாருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று பிறகு மால்கம் கேட்கிறான். சொல்ல ஆசைதான், ஒருநாள் சொன்னாலும் சொல்வேன் என்கிறார் புக்.

திரைப்படத்தில் அவர் சொல்லாமலே இறந்துபோகிறார். 2010இல் ஒரு காமிக்ஸில் அவருடைய முன்கதையை எழுதினார்கள், நானும் படித்தேன், விவரம் தெரிந்துகொண்டேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புக்காக நடித்த ரான் கிளாஸ் தன் நிதானமான குரலில் மால்கமிடம் சொல்லி நாம் கேட்டிருக்க வேண்டியது அது. அவர் 2016 நவம்பரில் காலமாகிவிட்டார்.