கைதட்டியவர்களே, இனி அந்த அறைக்கு யார் வருவார்?

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். சோக இசை சேர்த்ததையும் பார்த்தேன், சேர்க்காததையும் பார்த்தேன். இசை இல்லாததுதான் கூடுதலாக வலித்தது, ஏனென்றால் அதில் அந்த மனிதர் எச்சில் விழுங்குவது கேட்கிறது.

பியர் சப்போர்ட் திட்டத் தொடக்க விழா. மனசு உடைந்தவர் பேச, அதே வேலையைச் செய்த சக பணியாளர் காது கொடுக்கிற ஏற்பாடு அது; காது கொடுப்பவர்தான் மென்டர். மைக் பிடித்திருப்பவர் புதிதாகப் பயிற்சி முடித்த மென்டர். பக்கத்தில் நிற்பவர், அவரை நம்பித் தனியாக வந்து பேசிய தீயணைப்பு வீரர். "ராத்திரி ராத்திரியா தூங்காம, குடிச்சுக் குடிச்சு, அழுதுகிட்டுக் கிடந்த மனுஷன். இன்னைக்குப் பாருங்க!" என்று தோளில் ஒரு தட்டு. அரங்கமே கைதட்டுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்து தட்டுகிறவர்களில் அந்த வீரரின் பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீழே கமென்ட்டில் சல்யூட், இதயம், "கண் கலங்கிவிட்டது".

எனக்கும் கலங்கியது. காரணம் வேறு.

சொன்னது வெளியே போகாது என்கிற உறுதி இல்லாத இடத்தில் பியர் சப்போர்ட் கிடையாது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன். சலிப்பாக இருந்தால் இப்போதே நகர்ந்துவிடலாம். அந்த உறுதி போன பிறகு பயிற்சி இருக்கலாம், சான்றிதழ் இருக்கலாம், முதுகில் 'மென்டர்' என்று அச்சடித்த டி-ஷர்ட்கூட இருக்கலாம். பேச ஆள் வராது.

மனநல மருத்துவர் இல்லாததாலா ஒரு தீயணைப்பு வீரரோ, ஆம்புலன்ஸ் ஊழியரோ, போலீஸ்காரரோ, படையிலிருந்து திரும்பியவரோ உதவி கேட்காமல் இருக்கிறார்? பல இடங்களில் மருத்துவர் இருக்கிறார். போனால் என்ன ஆகும் என்ற கணக்குதான் தடுக்கிறது. துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ, வண்டி ஓட்டும் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ, கோப்பில் 'தகுதியற்றவர்' என்று ஒரு வரி ஏறிவிடுமோ, நாளைக்கு நெருப்புக்குள் கூட வருகிறவன் "இவன் தாங்குவானா" என்று யோசிப்பானோ. இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிற ஒரே ஆள் சக பணியாளர். அவரிடம் பட்டம் இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, கோப்பும் இல்லை. அதே வேலையைச் செய்தவர் என்பதும், வாயைத் திறக்க மாட்டார் என்பதும்தான் அவருடைய மொத்தக் கையிருப்பு. அதில் பாதியை மேடையில் வைத்து எரித்துவிட்டு, மீதியை வைத்துத் திட்டம் நடத்தப்போகிறார்களாம்.

பயிற்சி பெற்ற மென்டர் முதல் சந்திப்பில் முதலில் சொல்ல வேண்டியது நலம் விசாரிப்பு அல்ல, எல்லை. "நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். மூணு விஷயம் மட்டும் விலக்கு. உங்க உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னா நான் சும்மா இருக்க முடியாது. அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." அந்தந்த நாட்டுச் சட்டப்படி விலக்குகள் கூடலாம், குறையலாம். ஆனால் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். பாதியில் சொன்னால் பொறி வைத்த மாதிரி ஆகிவிடும்.

பதிவேட்டில் தேதி, எத்தனை நிமிடம், தூக்கமா குடும்பமா மதுவா பணமா என்ற வகை. அவ்வளவுதான். பெயர் கூடாது, நடந்த சம்பவத்தின் விவரம் கூடாது. நிர்வாகத்துக்குப் போவது எண்ணிக்கை மட்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் யோசிப்பதே இல்லை. ஆறு பேர் வேலை பார்க்கிற நிலையத்தில் "இந்த மாதம் ஒருவர், மதுப் பிரச்சினை" என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். எல்லோரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் சிறிய நிலையங்களைச் சேர்த்துக் கூட்டி, காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுப்பது. கையால் குறிப்பு எழுதுகிற பழக்கம் இருந்தால், அந்தத் தாளை விசாரணையில் யார் கேட்டு வாங்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டாட்சிக் காவல் அமைப்புகளில் சக பணியாளரிடம் பேசியதை ரகசியமாகக் காக்க 2021-ல் தனிச் சட்டமே போட்டார்கள். வேலையில்லாமலா போட்டார்கள்? வாய்மொழி வாக்குறுதியை நம்பி யாரும் பேச வரமாட்டார்கள் என்று தெரிந்துதான்.

அதற்கும் முன்னால் போனால், பியர் சப்போர்ட் மேலிருந்து இறங்கிவந்த திட்டமே இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் தாங்களாகவே கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், கைம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் கூட உட்கார்ந்தார்கள். அவர்கள் பட்ட பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி. (PTSD) என்று அதிகாரபூர்வமாக ஒரு பெயர் கிடைத்ததே 1980-ல்தான். 1979-ல் அவர்களுக்காகத் தொடங்கிய முன்னாள் படைவீரர் மையங்களை வேண்டுமென்றே மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடை வாடகைக்கு எடுப்பது போலத் தெருவோரம் வைத்தார்கள். அங்கே பேசியதற்கான ஆவணத்தையும் மருத்துவமனைக் கோப்போடு சேர்க்கவில்லை. சொன்னது வெளியே போகக்கூடாது என்பதற்காகக் கட்டடத்தையே தள்ளி வைத்தார்கள் ஐயா. இங்கே மேடை போட்டு, எல்.இ.டி. திரை வைத்து, நேரலையில் ஓட்டுகிறார்கள்.

"அவரே சம்மதித்துத்தானே மேடையேறினார்?" என்பார்கள். சீருடையில் இருக்கிறவரிடம், அவருடைய மேலதிகாரி இருக்கும் இடத்தில், விழா அழைப்பிதழில் பெயர் அச்சடித்த பிறகு கேட்டு வாங்குவது சம்மதமா? மறுத்திருந்தால் "இன்னும் குணமாகலை போல" என்றிருப்பீர்கள். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"வெளிப்படையாகப் பேசினால்தானே மற்றவர்களுக்கும் கூச்சம் போகும்?" இது நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட மாட்டேன். உண்மையிலேயே ஒருவர் எழுந்து "எனக்கும் வந்தது, சிகிச்சை எடுத்தேன், வேலையில்தான் இருக்கிறேன்" என்று சொல்வது பத்துச் சுவரொட்டிகளைவிடப் பலன் தரும். ஆனால் யார் சொல்வது? மேலே இருக்கிறவர் முதலில் சொல்லட்டும். இழக்க எதுவும் இல்லாத பதவிக்கு வந்தவர், தன் சொந்தக் கதையை, தன் வாயால், ஆறி முடிந்த காயத்தைப் பற்றிச் சொல்லட்டும். நேற்றைய விழாவில் உயரதிகாரிகள் எத்தனை பேர் பேசினார்கள்! ஒருவராவது தன் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? கடைநிலை ஊழியரின் கண்ணீர்தான் மலிவாகக் கிடைத்தது.

"நல்லது செய்ய வந்தவர்களைக் குறை சொல்வது சுலபம்." ஆமாம், சுலபம்தான். தவறு அவ்வளவு பெரிதாக இருந்தால் சுலபமாகத்தான் இருக்கும்.

அந்த மென்டரைத் திட்டி எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. அவரை விட்டுவிடுங்கள். ஒரே நாள் பயிற்சியில் அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? பதினேழு நாடுகளைச் சேர்ந்த 92 நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு, 2012-ல் இந்தத் துறைக்கான வழிகாட்டுதல் ஒன்று வெளிவந்தது. ஆள் தேர்வு, பயிற்சி, மனநல நிபுணரின் மேற்பார்வை, உதவுகிறவர்களையே கவனித்துக்கொள்வது, திட்டம் பலன் தருகிறதா என்று அளப்பது என எல்லாம் அதில் உண்டு. பொன்னாடை மட்டும் இல்லை.

தேர்வு என்றால் மேலதிகாரி பெயர்ப் பட்டியல் அனுப்புவதல்ல. "உனக்கு ஒரு கஷ்டம்னா யார்கிட்ட சொல்லுவ?" என்று ஊழியர்களிடமே எழுதி வாங்கினால், திரும்பத் திரும்ப வருகிற பெயர்தான் ஆள். அப்படி வந்தவரும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் பொறுப்பில் இருக்கக்கூடாது. தன் பாதிப்பிலிருந்து ஓரளவு மேடேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கிற ஒவ்வொரு கதையும் அவருடைய கதையைக் கிளப்பிவிடும். எந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்சோ, அந்தச் சம்பவத்தில் அவரும் இருந்திருந்தால் வேறு ஆள்தான் போக வேண்டும்.

சந்திப்பு நிலையத்துக்குள் வேண்டாம். நடந்துகொண்டே பேசலாம், வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். முகத்துக்கு முகம் மேஜை போட்டால் விசாரணை மாதிரி இருக்கிறது என்று போலீஸ்காரர்களே சொல்வார்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி போதும். சம்பவத்தின் கோரத்தைக் கிண்ட வேண்டாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி கூடியிருக்கிறதா, வீட்டில் எரிந்து விழுகிறாரா, டூட்டிக்குப் போகும் வழியில் எந்தத் தெருவையாவது சுற்றிப்போகிறாரா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, எங்க காலத்துல…" என்று மென்டர் ஆரம்பித்தால் அத்தோடு முடிந்தது. யார் பட்டது பெரிது என்ற போட்டியில், உதவி கேட்டு வந்தவர் எழுந்து போய்விடுவார்.

சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அடுத்த கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது. இந்தத் தொழில்களில் ஆயுதமும் மருந்துப் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அவரைத் தனியே விடக்கூடாது. பொருளை அவருக்கு எட்டாத இடத்துக்கு மாற்ற, நம்பிக்கையான ஒருவரை வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும். நிபுணரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது உதவி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலிருந்தே அழைத்து, பேசவைத்து, முதல் சந்திப்புக்குக் கூடப் போக வேண்டும். பெரும்பாலும் ஆள் நழுவுவது இந்த இடைவெளியில்தான்.

இதெல்லாம் ஒரு நாளில், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழுப் புகைப்படம் எடுத்த பயிற்சியில், எப்போது நடந்திருக்கும்?

போன மாத விபத்துக்குப் பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "ஒவ்வொருத்தரா என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டதும் இதே கும்பல்தானே? 'டிப்ரீஃபிங்' என்கிற அந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் கட்டம் கட்டமாக அமைத்துக் கொடுத்தது, ஒரே அனுபவம் உள்ள சிறு குழுவுக்காக, பெரிய ஏற்பாட்டின் ஒரு பகுதியாக. பிறகு அதைப் பிய்த்தெடுத்து எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் மன பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்று 2002-ல், பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. சிலருக்கு நிலைமை மோசமானதும் அந்த ஆய்வுகளில் உண்டு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2018 வழிகாட்டுதலில் அதைச் செய்யாதீர்கள் என்றே எழுதியிருக்கிறது. காரணம் புரியாததல்ல. வெளியே தடுப்பு போட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே போனவர் பார்த்ததையும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.

பிரிட்டிஷ் ராயல் மரீன்களிடம் உருவான 'டிரிம்' முறையில் அழவைக்கிற வேலையே இல்லை. சம்பவத்துக்கு மூன்று நாள் கழித்து, பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவர், சம்பவத்துக்கு முன்பு, நடந்தபோது, பின்பு என்று அமைதியாகக் கேட்டு, ஆபத்துக்கான அறிகுறிகளைக் குறித்துக்கொள்கிறார். சுமார் ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்கிறார். குறையாமல் அப்படியே இருந்தாலோ கூடியிருந்தாலோ நிபுணரிடம் அழைத்துப்போகிறார். பெரும்பாலானவர்கள் முதல் மாதத்தில் தாங்களாகவே தேறிவிடுவார்கள். அந்த ஒரு மாதமும் கூடவே இருந்து கவனிப்பதுதான் வேலை. புகைப்படம் எடுக்க அதில் எதுவுமே கிடைக்காது. அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை போலும்.

நேற்று இரவிலிருந்து இன்பாக்ஸில் வருகிற செய்திகளின் சாரம் ஒன்றுதான்: "நல்லவேளை, நான் யார்கிட்டயும் பேசலை." ஓய்வுபெற்றவர்கள்கூட எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வும் இல்லை, கோப்பும் இல்லை. ஆனால் சீருடையைக் கழற்றிய பிறகு கிடைக்கிற ஒரே கூட்டம் பழைய ஆட்கள்தான், அந்தக் கூட்டத்தில் பேர் கெடக்கூடாது என்ற பயம் போவதில்லை. இவர்களுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்? "அடுத்த விழாவில் உங்கள் பெயர் வராது" என்றா?

சரி, ரகசியத்தை விடுங்கள், விட முடியாது என்றாலும் ஒரு பேச்சுக்கு விடுங்கள். இரவு டூட்டி முடிந்து அடுத்த டூட்டிக்குள் தூங்க நேரம் கொடுக்காமல், காலிப் பணியிடத்தை நிரப்பாமல், ஒருவர் மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "மனசு சரியில்லையா, மென்டரிடம் பேசு" என்பது யாருடைய பொறுப்பை யார் தலையில் கட்டுவது? அந்த மென்டரும் அதே டூட்டி முடித்து வருகிறவர்தானே? அவருக்குத் தனி நேரம் ஒதுக்கவில்லை, பணிச்சுமை குறையவில்லை. இரவு இரண்டு மணிக்கும் போன் வரும். ஒருவர் இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒரே சமயத்தில் தாங்கக்கூடாது என்று யாராவது வரம்பு வைத்தார்களா? மாதம் ஒருமுறையாவது அவரை உட்காரவைத்து "நீ எப்படி இருக்க" என்று கேட்க எந்த நிபுணரை நியமித்திருக்கிறீர்கள்? வேண்டாம் என்று தோன்றினால் கௌரவமாக விலகிக்கொள்ள அவருக்கு வழி உண்டா? விழாவை ஏற்பாடு செய்தவர்கள் என் நண்பர் பட்டியலிலும் இருக்கிறீர்கள். லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கமென்ட்டில் பதில் எழுதுங்கள்.